டாலி ஆகாத அலமாரி

மரத்துக்கும் எனக்கும் ரொம்ப நாளாக இருந்த ஒரே சம்பந்தம், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் எனக்குக் கொடுத்த "மரமண்டை" என்கிற பட்டம்தான். அவரைப் பழிவாங்கவோ என்னவோ, பிற்பாடு பி.காம். படித்துப் பாஸ் பண்ணினேன். மற்றபடி சுவரில் ஒரு காலண்டர் மாட்டச் சொன்னால்கூட, ஆணியைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் சுத்தியலால் அடிக்கிற ஜாதி நான். சந்தேகம் இருந்தால் என் இடது கைக் கட்டை விரலைக் கேளுங்கள், விவரமாகச் சொல்லும்.

அப்பேர்ப்பட்ட நான், 2024-ல் ஏற்காட்டில் இருக்கிற எங்கள் ரெண்டு ரூம் ஓட்டு வீட்டுக்குச் சமையல்கட்டு அலமாரி பூராவையும் சொந்தக் கையால் செய்து மாட்டினேன். ஏன் செய்தேன் என்று கேட்டால், அக்காதான் காரணம்.

அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீஸில் ரைட்டர். (எஸ்டேட் பாஷையில் ரைட்டர் என்றால் குமாஸ்தா. நானும் ரைட்டர்தான். அவருக்கு மாசம் பிறந்தால் சம்பளம் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.) ரிட்டையர் ஆன பணத்தில் அந்த வீட்டை வாங்கினார். 2021-ல் அவர் போன பிறகு அம்மாவைச் சேலத்துக்கு, எங்கள் வாடகை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். மூன்று கோடையை அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு தாட்டினாள். நாலாவது கோடையில், "கண்ணு, என்னை மேல கொண்டுபோய் விட்டுரு. இங்க மூச்சே வர மாட்டேங்குது" என்று ஆரம்பித்துவிட்டாள்.

சிக்கல் என்னவென்றால், மலை வீட்டுச் சமையல்கட்டில் சகலமும் தரையில். அடுப்பு தரையில், அஞ்சறைப் பெட்டி தரையில், அரிசி டின் தரையில். அம்மாவின் முழங்காலோ தரையை மறந்து வருஷக்கணக்காகிறது. "குத்துக்கால் போட்டு உட்காரவே கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

சென்னையிலிருந்து அக்காவும் மாமாவும் வந்து மகாநாடு கூட்டினார்கள். அக்கா தீர்மானமாகச் சொன்னாள்: "அம்மா என்கூட வரட்டும். மூணாவது மாடி, லிஃப்ட் இருக்கு. அந்த வீட்டை வித்துடலாம்."

அம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விரித்தாள். நான்தான் வீறாப்பாக, "நின்னுக்கிட்டு சமைக்கிற மாதிரி கிச்சன் பண்ணிட்டா?" என்றேன்.

"தீபாவளிக்குள்ள பண்ணு பார்க்கலாம். தீபாவளிக்கு நான் அங்கதான் வருவேன். அதுக்குள்ள ஆகலேன்னா அம்மா என்கூட" என்றாள் அக்கா.

மறுநாள் மாடுலர் கிச்சன் கடையில் விசாரித்தேன். ஏசி ரூமில் உட்கார வைத்து, காப்பி கொடுத்து, கம்ப்யூட்டரில் கலர் கலராகப் படம் காட்டி, கடைசியில் 1,60,000 ரூபாய் என்று ஒரு காகிதத்தை நீட்டினார்கள். வாரப் பத்திரிகையில் நான் எழுதுகிற ஒரு பக்கத்துக்கு என்ன கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்தக் காப்பியை நான் ஏன் மிச்சம் வைக்காமல் குடித்தேன் என்பது புரியும். ஏற்காட்டிலேயே இருக்கிற ஆசாரி ஒருவரைப் பிடித்தேன். நல்ல மனுஷர். "சார், ரிசார்ட் வேலை ஓடுது. தைக்கு அப்புறம் வாங்க" என்றார்.

தைக்கு முன்னால் தீபாவளி வந்துவிடுமே!

ஆக, போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். அதில் வருகிற வெள்ளைக்காரர்களுக்குக் கார் நிறுத்துகிற ஷெட்டே நம் கல்யாண மண்டபம் சைஸில் இருக்கிறது. ஏரிக்கரையில் மரக் குடில் கட்டி, ஒரு சனி, ஞாயிறில் கிச்சன் முடித்துவிட்டு ஞாயிறு சாயங்காலம் மீன் பிடிக்கப் போகிறார்கள். எனக்கு வாய்த்தது மொட்டை மாடியும், கீழே ஹவுஸ் ஓனரும்.

முதல் பாடம் பிளைவுட் கடையில். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கிற பலகையில் இரண்டு ஜாதி உண்டு. எம்.ஆர். என்பது ஈரப்பதம் கொஞ்சம் தாங்கும், அதற்கு ஐ.எஸ். 303. பி.டபிள்யூ.பி. என்கிற மரைன் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 710. பின்னதின் சாம்பிளை 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, ஒட்டு விடுகிறதா என்று சோதிப்பார்களாம். மூன்று நாள் கொதித்தும் பிரியாத பந்தம்! கல்யாணப் பத்திரிகையில் போட வேண்டிய முத்திரை. ஏற்காடு சுமார் 5,000 அடி உயரம், வருஷத்தில் பாதி நாள் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் 710-ஐயே எடுத்தேன். எட்டுக்கு நாலு அடி, 18 எம்.எம்., அஞ்சு ஷீட். பின்பக்கத்துக்கு 6 எம்.எம். இரண்டு ஷீட். டிரில்லிங் மெஷின், வட்ட ரம்பம், இழைப்புளி, மூலைமட்டம், ரசமட்டம், கிளாம்ப் என்று கருவிகளுக்கு ஆன பில்லை மட்டும் மனைவியிடம் காட்டவில்லை. (இதைப் படிக்கும்போது தெரிந்துகொள்வாள்.)

திட்டம் என்னவோ சுலபம். கீழே எட்டடிக்கு மூன்று பெட்டி, மேலே ஆறடிக்கு இரண்டு பெட்டி. உலகம் பூராவும் சமையல் மேடை 34 அங்குலத்துக்குப் பக்கத்தில் என்று வீடியோவில் சொன்னார்கள். 4 அங்குலப் பீடம், 29 அங்குலப் பெட்டி, மேலே ஒரு அங்குலக் கடப்பைக் கல். கூட்டினால் 34. டாலி!

அந்த ஒரு கூட்டல்தான் டாலி ஆனது. மற்றதெல்லாம் தகராறு. எட்டடி, அதாவது 96 அங்குலப் பலகையை ஆறு சமத் துண்டு போட்டால் ஒவ்வொன்றும் 16 அங்குலம் வர வேண்டும், இல்லையா? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். ஆனால் ரம்பம் சும்மா வெட்டுவதில்லை சார், தின்கிறது. ஒரு வெட்டுக்கு 3 எம்.எம். தூளாகப் போகிறது. அஞ்சு வெட்டுக்கு 15 எம்.எம். கடைசித் துண்டு அரை அங்குலத்துக்கு மேல் குட்டை. காஸ்ட் அக்கவுண்டன்ஸியில் 'நார்மல் லாஸ்' என்று மூன்றாம் வருஷம் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினேனே, அது இதுதான் என்று மொட்டை மாடியில் மரத்தூளைத் துப்பிக்கொண்டு நிற்கும்போதுதான் புரிந்தது.

பெட்டி சதுரமாக நிற்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவு என்றால் பெட்டி நேர். டெபிட்டும் கிரெடிட்டும் மாதிரி. என் முதல் பெட்டியில் 5 எம்.எம். வித்தியாசம். பசை காய்வதற்குள் நீளமான குறுக்கைக் கயிறு போட்டு இறுக்கினால் சரியாகிவிடுமாம். அந்த ஞானம் எனக்கு வந்தபோது பசை காய்ந்து கல்லாகிவிட்டது. டிரயல் பேலன்ஸ் டாலி ஆகாதபோது நாம் ஆபீஸில் என்ன செய்வோம்? வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். நானும் ஒரு மரச் சீவலைச் சந்தில் செருகி, மேலே பட்டி பார்த்து, சஸ்பென்ஸில் போட்டேன். இன்றைக்கு வரைக்கும் அந்தக் கணக்கு குளோஸ் ஆகவில்லை.

கதவுக்கு மட்டும் பிளைவுட் வாங்கவில்லை. அதற்கு அப்பாவின் பலகை இருந்தது.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் பார்த்தவர்களுக்கு சில்வர் ஓக் தெரிந்திருக்கும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை அந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். காப்பிக்கு நிழல் வேண்டும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் பிற்பாடு அந்த வேலைக்கு அமர்ந்தது. நெடுநெடுவென்று வளரும், மிளகுக் கொடி ஏறிக்கொள்ளும், காற்றடித்தால் இலையின் அடிப்பக்கம் வெள்ளியாகப் புரளும். அந்த மரத்துப் பலகை பன்னிரண்டை அப்பா எங்கேயோ சல்லிசாக வாங்கிப் பரணில் அடுக்கி வைத்திருந்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஒரு தடவை நான், "இந்தக் குப்பையெல்லாம் எதுக்குப்பா?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. சிரித்துவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டார்.

அதை இறக்கிச் சேலத்துக்குக் கொண்டுவந்து தூசி தட்டினால், ஒரு பலகையில் பென்சில் எழுத்து. ரைட்டர் கையெழுத்து, மணிமணியாக. '2016' என்று ஒரு வருஷம். கீழே 'மேடை 31' என்று ஒரு வரி. அதற்கும் கீழே அழிந்துபோன சில எண்கள். ஏதோ எஸ்டேட் கணக்காக்கும் என்று நினைத்துக்கொண்டு, சாண்டர் மெஷினை வைத்துப் பளபளவென்று தேய்த்துவிட்டேன். உள்ளே மீன் செதில் மாதிரி ஒரு மினுமினுப்பு. மனைவி கூப்பிட்டு வந்து பார்த்து, "ஏங்க, நெஜமாவே நல்லாருக்கு" என்றாள். பதினொரு வருஷ தாம்பத்தியத்தில் 'நெஜமாவே' சேர்த்துச் சொன்னது அது ரெண்டாவது முறை.

பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் கதவாக்கினேன். கிண்ணம் மாதிரிக் கீல் பொருத்த 35 எம்.எம். வட்டத்தில், 12 எம்.எம். ஆழத்துக்கு மட்டும் குழி தோண்ட வேண்டும். ஒன்பது கதவு ஒழுங்காக முடிந்தது. பத்தாவதில் ஹவுஸ் ஓனர் மாடிக்கு வந்து, "தம்பி, சாயங்காலம் தூங்குற நேரத்துல..." என்று ஆரம்பிக்க, நான் பவ்யமாகத் தலையாட்ட, கையில் இருந்த டிரில் தன் பாட்டுக்கு இறங்கிக் கதவின் மறுபக்கம் எட்டிப் பார்த்துவிட்டது. ஓட்டையில் வேறு மரத்துண்டைச் செதுக்கி அடைத்தேன். முன்பக்கம் கறுப்பாக ஒரு வட்டம். பின்னாளில் அம்மா அதைத் தடவிப் பார்த்து, "திருஷ்டிப் பொட்டா கண்ணு?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்டு கடைசியில் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் பின்னால் 'கிறீச்' என்று ஒரு சத்தம். டிரைவர் தம்பி பத்தாவது வளைவில், "சார், கடையில வாங்குனதா, நீங்களே பண்ணதா?" என்றான். "நானேதான்" என்றேன். பேசாமல் செகண்ட் கியருக்கு மாற்றி மெதுவாக ஓட்டினான்.

வீட்டுக்குள் வைத்துப் பார்த்தால், என் பெட்டிகூடப் பரவாயில்லை, சுவர் மகா கோணல். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டின பழைய சுவர், நடுவில் தொப்பை போட்டிருந்தது. ஸ்குரு முடுக்கினால் மண்ணாகக் கொட்டியது. மேல் பெட்டிகளுக்கு, 45 டிகிரியில் சாய்வாக அறுத்த இரண்டு பட்டைகள் செய்தேன். கல் கிடைத்த இடமாகத் தேடி ஒன்றைச் சுவரில் அடித்து, மற்றதைப் பெட்டியின் முதுகில் திருகி, கொக்கி மாதிரி மாட்டிவிட்டேன். நாலு பேர் சேர்ந்து கடப்பைக் கல்லைத் தூக்கி வைத்தார்கள். சாயங்காலம் பார்த்தால்... சத்தியமாகச் சொல்கிறேன், கிச்சன் மாதிரியே இருந்தது!

அம்மா வந்தாள். ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடினாள். பலகையை மோந்து பார்த்தாள். "ரொம்ப நல்லாருக்கு கண்ணு" என்றாள். அன்றைக்கு ராத்திரி நான் தூங்கின தூக்கம், ஆடிட் முடிந்த மறுநாள் தூங்குகிற தூக்கம்.

விடியற்காலை அஞ்சரை மணிக்கு ஏதோ இழுபடுகிற சத்தம். எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். ஈரத் தரையில், குளிக்கிறபோது உட்காருகிற பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் அம்மா ஏறி நிற்கிறாள். ஒரு கை மேல் பெட்டியின் ஓரத்தைப் பிடித்திருக்கிறது. இன்னொரு கை காப்பித்தூள் டப்பாவுக்காகத் துழாவுகிறது. ஸ்டூலின் ஒரு கால் தரையில் படாமல் ஆடிக்கொண்டிருந்தது.

கத்தினால் பதறி விழுந்துவிடுவாள். எனக்குத் தொண்டை அடைத்தது. பூனை மாதிரிப் போய் இடுப்பைப் பிடித்து இறக்கினேன். எடையே இல்லை.

"எத்தனை நாளா... இல்ல, ஏம்மா இதுல ஏறுனே?"

"கை எட்டல கண்ணு. அதுக்காக உன்னை எழுப்புவாங்களா?"

அடுப்பில் பால் வைத்தாள். 34 அங்குல மேடை, அதற்கு மேல் ஸ்டவ் ஒரு அஞ்சு அங்குலம், அதற்கு மேல் பாத்திரம். பால் பொங்குகிறதா என்று பார்க்க அம்மா நுனிக்காலில் எம்பினாள். அந்த முழங்காலோடு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுவரை அளந்தேன், சிலிண்டரை அளந்தேன், ஸிங்க்கை அளந்தேன். ஜன்னலைக்கூட அளந்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். யார் நின்று சமைக்கப் போகிறார்களோ அவளை அளக்கவில்லை. அம்மா நாலடி எட்டு அங்குலம். நான் அஞ்சே முக்கால். 34 அங்குலம் எனக்குச் சௌகரியமாக இருந்தது, அதனால் உலகத்துக்கே சரி என்று விட்டுவிட்டேன். இதுவரை அந்த அடுப்பில் நான் ஒரு காப்பி போட்டிருப்பேனா? அதையும் கேட்காதீர்கள்.

டேப்பை எடுத்து வந்து, "நேரா நில்லும்மா" என்றேன். முழங்கைக்கு 35 அங்குலம் வந்தது. முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே மேடை இருந்தால் சமைக்கிறவர்களுக்குத் தோள் வலிக்காது என்று அதே வீடியோக்களில் சொன்னதுதான், எனக்குத் தேவையில்லை என்று தள்ளிவிட்டுப் பார்த்திருக்கிறேன். 35-ல் நாலு போனால்...

மேடை 31.

அப்பாவுக்கு டேப் தேவைப்பட்டிருக்காது. பத்து வருஷம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட ஆளுக்குத் தெரியாதா! எழுதி வைத்த அந்தப் பலகை இப்போது எந்தக் கதவில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு சுத்தமாகத் தேய்த்திருக்கிறேன்.

அம்மாவிடம் இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் கழித்து, "செய்யறேன், செய்யறேன்னு அஞ்சு வருஷம் சொன்னாரு" என்றாள். கோபமா, வேறு ஏதாவதா என்று குரலில் தெரியவில்லை. பால் பொங்கிவிட்டது.

பீடத்தைத் தனியாகச் செய்திருந்தது என் அதிர்ஷ்டம். மறுபடி அதே நாலு பேர், மறுபடி கடப்பைக் கல். ("என்ன சார், நேத்துதான வச்சோம்?") நாலு அங்குலப் பீடத்தை உருவிவிட்டு, தரையைக் கழுவினால் பலகை நனையாதபடி ஒரு அங்குலக் கல் துண்டுகளை அடியில் கொடுத்தோம். 31. மேல் பெட்டிகளைக் கழற்றி, சுவர்ப் பட்டையைக் கீழே இறக்கி அடித்தேன். கல்லைத் தேடி ஏழு இடத்தில் ஓட்டை போட வேண்டியிருந்தது. முன்பு போட்ட ஓட்டைகளின் மேல் அம்மா ஒரு முருகர் காலண்டரை மாட்டிவிட்டாள். பிளாஸ்டிக் ஸ்டூலை நான் கையோடு சேலத்துக்கு எடுத்து வந்துவிட்டேன்.

அக்டோபரில் மழை பிடித்தது. ஒரு வாரம் விடாத தூறல், பனிமூட்டம். போனில் அம்மா, "கதவெல்லாம் மூட மாட்டேங்குது கண்ணு" என்றாள். தீபாவளிக்குப் பத்து நாள்! பஸ்ஸைப் பிடித்து ஓடினேன். சேலத்து மே மாச வெயிலில் சுக்காகக் காய்ந்த பலகை, மலை ஈரத்தைக் குடித்து உப்பியிருந்தது. மரம் நீளவாக்கில் அவ்வளவாக அசையாது, அகலவாக்கில்தான் ஊதும். கதவுக்குக் கதவு நான் விட்டிருந்த 2 எம்.எம். இடைவெளி போன இடம் தெரியவில்லை. இழைப்புளியை எடுத்தேன்.

"வை அதை" என்றாள் அம்மா. "இப்ப சீவிட்டீன்னா மாசியில விரல் போற அளவுக்குச் சந்து விழும். இந்த வீட்டு வாசக்கதவு ஐப்பசியானா இப்படித்தான் முட்டும். உங்கப்பா ஒரு தடவை சீவிட்டு, பங்குனி பூரா பல்லி உள்ள வந்துச்சு."

"அக்கா வருதேம்மா!"

"வரட்டும்."

ரொம்ப முரண்டு பண்ணின இரண்டு கதவை மட்டும், அம்மா பார்க்காத நேரத்தில் லேசாக ஒரு சீவு. அதோடு விட்டுவிட்டேன்.

தீபாவளிக்கு முதல் நாள் அக்காவும் மாமாவும் வந்தார்கள். மாமா பேங்க்காரர், மேடையைத் தட்டிப் பார்த்து மதிப்புப் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா நேரே அலமாரிக்குப் போய் ஒரு கதவைத் திறந்தாள். மூடினாள். மூடவில்லை. இன்னொன்று. அதுவும் மூடவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

முறுக்கு பிழிந்துகொண்டிருந்த அம்மா, கையை எடுக்காமல் அப்படியே நகர்ந்து வந்து, இடுப்பால் ஒரு இடி கொடுத்தாள். 'டப்' என்று மூடிக்கொண்டது. அடுத்ததுக்கும் ஒன்று. பிறகு எட்டி, ஸ்டூல் இல்லாமல், மேல் தட்டிலிருந்து எள்ளு டப்பாவை எடுத்துக்கொண்டு அடுப்புக்குத் திரும்பிவிட்டாள்.

அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சென்னைப் பேச்சு அன்றைக்கு எழவில்லை. மறுநாளும் எழவில்லை. மூன்றாம் நாள் காரில் ஏறும்போது கண்ணாடியை இறக்கி என்னிடம் சொன்னாள்:

"மார்ச்ல வர்றேன் தம்பி. அதுக்குள்ள அந்தக் கதவை மூடற மாதிரி பண்ணி வை."

வாசலில் நின்ற அம்மா, "மாசியில அதுவே மூடிக்கும். நீ வந்து சேரு" என்றாள்.